வண்டியைத் தூக்குவதற்கு முன் பாறையில் சுண்ணாம்பு தடவிப் பாருங்கள்

கேரளத்தில் பூப்பாறைக்குக் கீழே இருக்கிற எங்கள் ஏலத்தோட்டத்துக்கு மெயின் ரோட்டிலிருந்து ரெண்டு கிலோமீட்டர் மண்பாதை. ஆடி மழையில் மண்ணெல்லாம் அரித்துக்கொண்டு போய்விடும், கல் மட்டும் நிற்கும். என்னிடம் இருப்பது பழைய டாடா செனான் பிக்கப், ஃபோர் வீல் டிரைவ். மூன்றாவது வளைவில் ஒரு பாறை, போகும்போதும் வரும்போதும் வண்டியின் அடியில் இடிக்கும். அந்தச் சத்தம் கேட்டுக் கேட்டு மனசு நொந்துதான் வண்டியை உயர்த்துவது என்று முடிவு செய்தேன்.

மலைக்குக் கீழே ஒரு பட்டறையில் கேட்டேன். "மூணு இஞ்ச் ஏத்திரலாம்ணே, யானை மாதிரி நிக்கும்" என்றார் மெக்கானிக். இந்த வண்டிக்கு முன்னால் டார்ஷன் பார், அதாவது முறுக்கி ஸ்பிரிங்காக வேலை செய்கிற இரும்புத் தண்டு, பின்னால் பட்டை ஸ்பிரிங். டார்ஷன் பாரின் போல்ட்டை முறுக்கினால் முன்பக்கம் எழும்பும், பின்னால் பட்டையின் முனையைச் சேஸிஸோடு இணைக்கிற ஷாக்கிளை நீளமாக மாற்றிப் பட்டையும் ஒன்று கூடச் சேர்த்தார். அரை நாள் வேலைதான். பார்க்க நன்றாகத்தான் இருந்தது.

ஆனால் முறுக்கிய முன்பக்கம் சின்னக் குழியில் இறங்கினாலே டக் டக் என்று அடித்தது. முறுக்கினால் பார் கெட்டிப்படும் என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள், அப்படி இல்லை. பாரின் விறைப்பு அதேதான், சக்கரம் கீழே இறங்குவதற்கு இருந்த இடத்தை நாம் முன்கூட்டியே தின்றுவிடுகிறோம், அதனால் குழியில் சக்கரம் இறங்க வழியில்லாமல் ஸ்டாப்பரில் போய் இடிக்கிறது. அச்சின் ரப்பர் பூட் கிழிந்தது. முன் டயர்களின் வெளி ஓரம் தேய ஆரம்பித்தது, அலைன்மென்ட் பார்க்காமலே வண்டியைக் கொடுத்திருந்தார்கள்.

இதெல்லாம் பணத்தோடு போகிற விஷயம். நான் பயந்தது வேறொரு நாள். ஏலக்காயும் மிளகுமாக மூட்டை ஏற்றிக்கொண்டு போடிமெட்டிலிருந்து கீழே இறங்குகிறேன், 17 கொண்டை ஊசி வளைவு, ரெண்டாவது கியரில்தான் வந்தேன், பாதி தூரத்தில் முன் பிரேக்கிலிருந்து கருகல் வாடை, பெடல் வழக்கத்தைவிட ஆழமாகப் போகிறது. ஓரமாக நிறுத்திக் கல் அணை கொடுத்துவிட்டு, ஆற வைத்து ஆற வைத்துத்தான் போடி போய்ச் சேர்ந்தேன். மறுநாள் கீழே படுத்துப் பார்த்தபோதுதான் காரணம் தெரிந்தது. பின் அச்சிலிருந்து சேஸிஸில் உள்ள ஒரு வால்வுக்கு மெல்லிய கம்பி ஒன்று போகிறது. பாரம் ஏறிப் பின்பக்கம் அமுங்கினால் கம்பி வால்வைத் தள்ளிப் பின் பிரேக்குக்கு முழு அழுத்தம் கொடுக்கும், காலியாக இருந்தால் குறைக்கும். பின்பக்கத்தைத் தூக்கிவிட்டதால், மூட்டை ஏற்றியும் கம்பி காலி வண்டியின் நிலையிலேயே நின்றிருக்கிறது. பாரத்தில் பெரும்பங்கை முன் பிரேக்தான் இழுத்திருக்கிறது. வண்டியை உயர்த்துகிற எவரும் முதலில் பார்க்க வேண்டியது இந்தக் கம்பியைத்தான், அப்புறம் பிரேக் ஹோஸ் நீளம் போதுமா என்று.

எல்லாவற்றையும் கழற்றிப் பழையபடி மாட்டினேன். பூப்பாறையில் முப்பது வருஷமாக ஜீப் ஓட்டுகிற ஒரு அண்ணன்தான் சொன்னார், "மொதல்ல எது இடிக்குதுன்னு பாரு தம்பி." அந்தப் பாறை மேலும் பாதையின் நடு மேட்டின் மேலும் சுண்ணாம்பைக் குழைத்துத் தடவச் சொன்னார். வண்டியை மெதுவாக ஏற்றி இறக்கிவிட்டு டார்ச் அடித்துப் பார்த்தோம். எஞ்சினுக்குக் கீழே உள்ள தகட்டில் ஒரு வெள்ளைப் பட்டை, ஏறுபடியில் ஒன்று, பின் அச்சின் நடுவில் கியரை மூடியிருக்கிற ஹவுசிங்கில் ஒன்று.

முதல் ரெண்டும் வண்டியை உயர்த்தினால் தப்பும். மூன்றாவது தப்பாது. ஹவுசிங் சக்கரத்தோடு சேர்ந்த அச்சில் இருக்கிறது, பட்டையை என்ன செய்தாலும் அது தரையிலிருந்து ஒரு மில்லிமீட்டர்கூட எழும்பாது. பெரிய டயர் போட்டால்தான் எழும்பும், அதுவும் 245/70 டயரை எடுத்துவிட்டு 265/70 போட்டால் கிடைப்பது 14 மில்லிமீட்டர்தான். அதற்காக ஸ்பீடோமீட்டர் 60 காட்டும்போது வண்டி 62-க்கு மேல் போகும். மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆவது பிரிவும் இருக்கிறது, கம்பெனி கொடுத்த அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னதே ஒரு கேரள வழக்கில்தான். டயரைத் தொடவில்லை.

இப்போது முன்னால் ஒன்றரை இஞ்ச், அதாவது 38 மில்லிமீட்டர், அதற்கு மேல் முறுக்கவில்லை. பின்னால் ரெண்டு இஞ்ச் நீள ஷாக்கிள், பட்டையின் ஒரு முனை மட்டும் எழும்புவதால் உயரம் கூடுவது பாதி, ஒரு இஞ்ச்தான். பிரேக் கம்பியின் பிராக்கெட்டை அதே அளவு மாற்றி வெல்டிங் வைத்தோம். அலைன்மென்ட் பார்த்து, ஹெட்லைட்டையும் இறக்கினோம்.

திரும்பவும் சுண்ணாம்பு தடவி ஓட்டிப் பார்த்தேன். தகட்டிலும் ஏறுபடியிலும் வெள்ளை இல்லை. ஹவுசிங்கில் மட்டும் விரல் அகலத்துக்கு ஒரு கோடு. அன்று சாயங்காலமே தோட்டத்து ஆட்கள் ரெண்டு பேரோடு மண்வெட்டி எடுத்துப் போய் அந்த நடு மேட்டை வெட்டிவிட்டோம்.