‘கமிஷன் இல்லை’ என்று போட்டிருந்தால் கணக்குப் போட்டுப் பாருங்கள்

வெளிநாடு கிளம்புகிறவரிடம் பிக்பாக்கெட் பற்றி எச்சரிக்க ஆளுக்குப் பஞ்சமில்லை. ரசீதும் கொடுத்து, நன்றியும் சொல்லி, நம் சம்மதத்தோடே எடுத்துக்கொள்ளும் பணத்தைப் பற்றித்தான் யாரும் பேசுவதில்லை. முதலில் அதைப் பார்த்துவிடுவோம்.

பணம் மாற்றும் கடைப் பலகையில் வாங்கும் விலை, விற்கும் விலை என்று இரண்டு வரிசை இருக்கும். இரண்டுமே கடைக்காரர் பக்கமிருந்து எழுதியவை. உங்கள் கையிலிருக்கும் யூரோவை அவர் வாங்குகிறார். ஆகவே நீங்கள் பார்க்க வேண்டியது வாங்கும் வரிசை. வாசலில் பெரிய எழுத்தில் போட்டிருப்பது பல நேரம் மற்றதாக இருக்கும், அல்லது பெரிய தொகைக்கு மட்டும் உரிய ரேட்டாக இருக்கும். ஒரு கணக்கு: சந்தையில் ஒரு யூரோ 1.10 டாலர் என்று வைத்துக்கொள்வோம். கடையில் 1.00 தருகிறார்கள். 500 யூரோவுக்கு 550 டாலர் வர வேண்டிய இடத்தில் 500தான் வரும். 50 டாலர், அதாவது ஒன்பது சதவீதம், போயே போய்விட்டது. ‘கமிஷன் இல்லை’ என்பதும் பொய் இல்லை! அதனால் ரேட்டைக் கேட்காதீர்கள். “இந்த 500 யூரோவுக்கு எல்லாம் போகக் கையில் எவ்வளவு தருவீர்கள்?” என்று மட்டும் கேளுங்கள். தொகையைக் கால்குலேட்டரில் பார்த்த பிறகு நோட்டை நீட்டினால் போதும். விமான நிலையக் கவுன்ட்டர்களில் இந்த இடைவெளி பொதுவாக அதிகம். ஊருக்குள் போய்ச் சேரும் செலவுக்கு மட்டும் அங்கே மாற்றலாம்.

எண்ணும்போதும் ஒரு வித்தை உண்டு. மடித்த நோட்டு ஒன்றைக் கட்டுக்குள் வைத்து எண்ணினால் அதன் இரண்டு நுனியும் இரண்டு நோட்டாகக் கணக்கில் வரும். இன்னொன்று: நீங்கள் எண்ணிச் சரிபார்த்த பிறகு, “ஒரு நிமிஷம், ஒன்று குறைகிறது” என்று கட்டைத் திரும்ப வாங்கி, ஒன்றை மேலே சேர்த்து, அடியிலிருந்து நாலைந்தை உருவிவிட்டுத் தருவார்கள். கட்டு அவர் கைக்குப் போய் வந்தால் முதலிலிருந்து எண்ண வேண்டும். தெருவில் நின்று நல்ல ரேட் சொல்பவரிடம் இதோடு கள்ள நோட்டும் செல்லாத பழைய நோட்டும் சேர்ந்து வரும். அந்தப் பக்கமே போக வேண்டாம்.

ஏடிஎம்மில் அட்டையைச் செருகினால் ஒரு திரை வரும்: ‘உங்கள் நாட்டுப் பணத்தில் இவ்வளவு, இந்த ரேட்டை ஏற்கிறீர்களா?’ அக்கறையோடு கேட்பது போலத்தான் இருக்கும். மறுத்துவிடுங்கள். மறுத்தால் பணம் வராது என்று பயந்து பலர் ஏற்றுக்கொள்கிறார்கள். பணம் வரும், மாற்றும் வேலையை விசாவோ மாஸ்டர்கார்டோ தங்கள் ரேட்டில் செய்யும், அது பெரும்பாலும் மலிவு. கடையில் அட்டை தேய்க்கும்போதும் இதே கதைதான், அங்கே விற்பனையாளரே உங்களைக் கேட்காமல் பட்டனை அழுத்திவிடுவதும் உண்டு. ரசீதில் உங்கள் நாட்டுப் பணம் அச்சாகியிருந்தால், அதை ரத்து செய்து உள்ளூர்ப் பணத்தில் மறுபடி போடச் சொல்லுங்கள்.

ஏடிஎம் கட்டணம் இரண்டு இடத்தில் விழும்: மெஷின் வைத்திருப்பவர் எடுப்பது, உங்கள் வங்கி எடுப்பது. தடவைக்கு இவ்வளவு என்ற கட்டணமானால், ஐந்து தடவை சிறிதாக எடுப்பதைவிட ஒரே தடவை எடுப்பது லாபம். கிரெடிட் கார்டில் பணம் எடுத்தால் பொதுவாக அன்றிலிருந்தே வட்டி ஓடும். டெபிட் கார்டை வைத்துக்கொள்ளுங்கள். 200க்குப் பதில் 190 கேட்டால் சில்லறை நோட்டும் கலந்து வரும். வங்கிக் கிளையின் ஏடிஎம்மில், கிளை திறந்திருக்கும் நேரத்தில் எடுப்பது நல்லது. மெஷின் அட்டையை விழுங்கினால் உள்ளே போய்க் கேட்கலாம்.

ஹோட்டலிலும் வாடகைக் காரிலும் வேறு மாதிரி. முன்பணமாக ஒரு தொகையை முடக்கிவைப்பார்கள். டெபிட் கார்டு கொடுத்தால் உங்கள் சொந்தப் பணம் சில நாள் மாட்டிக்கொள்ளும். அங்கே கிரெடிட் கார்டுதான்.

பணத்தை எங்கே வைப்பது? எல்லாம் ஒரே இடத்தில் இல்லை என்றால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. இரண்டு வங்கிகளின் அட்டைகள், முடிந்தால் ஒன்று விசா, ஒன்று மாஸ்டர்கார்டு. ஒன்று உடம்போடு, மற்றது அறையில் பூட்டிய பெட்டியில். அன்றைய செலவுப் பணம் முன்பக்கப் பாக்கெட்டில். மீதி, சட்டைக்குள் கட்டும் பையில். அந்தப் பையைத் தெருவில் திறந்தால் அது எங்கே இருக்கிறது என்று நீங்களே ஊருக்குக் காட்டியதாகிவிடும். கழிப்பறைக்குள் போய் எடுங்கள். விமானத்தில் ஏற்றிவிடும் பெட்டியில் பணம் வைக்கக் கூடாது.

பலர் கவனிக்காதது ஓடிபி. வங்கியின் குறுஞ்செய்தி ஊர் நம்பருக்குத்தான் வரும். வெளிநாட்டு சிம் போட்டதும் ஊர் சிம்மைக் கழற்றி வைத்துவிட்டால், அட்டையைத் திறக்கவோ இணையத்தில் கட்டவோ வழியில்லை. அந்த சிம்மில் குறுஞ்செய்தியாவது வரும்படி ரோமிங் வைத்திருங்கள். அட்டையை முடக்கும் வங்கி நம்பர் அட்டையின் பின்னால் இருப்பதால் அட்டையோடு அதுவும் போய்விடும். வெளிநாட்டிலிருந்து அழைக்கும் நம்பரைத் தனியாகத் தாளில் எழுதிவையுங்கள். கட்டணமில்லா நம்பர்கள் எல்லை தாண்டினால் பல நேரம் வேலை செய்யாது.

டாலர் கொண்டுபோனால் கிழிசல், கிறுக்கல், முத்திரை இல்லாத நோட்டாகப் பார்த்து வாங்குங்கள். அமெரிக்காவில் எந்தப் பழைய டாலரும் செல்லும். ஆனால் பல நாடுகளில் கடைக்காரர் 2013இல் வந்த நீலப் பட்டை 100 டாலர் நோட்டைத்தான் விரும்புவார். பழையதற்கும் 1, 5 டாலர் நோட்டுக்கும் ரேட் குறையும். அமெரிக்காவுக்குள் 10,000 டாலருக்கு மேல் கொண்டுபோனால் சுங்கத்தில் எழுதிக் கொடுக்க வேண்டும். குடும்பமாகப் போனால் எல்லோருடையதும் சேர்த்துத்தான் கணக்கு. ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் நுழையும்போது 10,000 யூரோ என்றாலே சொல்ல வேண்டும்.

திரும்பும்போது சில்லறைக் காசுகளைச் செலவழித்துவிடுங்கள், மாற்றும் கடைகள் பொதுவாக நாணயம் வாங்காது. துனிசிய தினார் போன்ற பணத்தை நாட்டைவிட்டுக் கொண்டுபோகவே அனுமதி இல்லை. மாற்றிய ரசீதை வைத்திருந்தால்தான் மீதியைத் திரும்ப மாற்ற முடியும். அடுத்த தடவைக்கு ஆகுமென்று அலமாரியில் போட்டுவைத்த நோட்டும் செல்லாமல் போகலாம்: பிரிட்டனின் 20, 50 பவுண்டு காகித நோட்டுகள் 2022 செப்டம்பர் 30க்குப் பிறகு கடையில் செல்லாது, பாங்க் ஆஃப் இங்கிலாந்துக்கு அனுப்பி மாற்ற வேண்டியிருக்கும்.