திண்ணை போன தெரு

மயிலாப்பூரில் இருந்த எங்கள் பழைய வீட்டை நாங்களேதான் பில்டரிடம் கொடுத்தோம். ஓடு ஒழுகியது, பங்காளிகள் நாலு பேருக்கும் பங்கு பிரிக்க வேண்டியிருந்தது. பில்டர் கட்டித் தந்து வீடுகளைப் பங்கு போட்டுக்கொள்ளும் ஜாயின்ட் வென்ச்சரை விட்டால் வேறு வழியில்லை. அதில் எனக்கு இன்றும் வருத்தம் கிடையாது. ஒரு குடும்பம் இருந்த மனையில் இன்று எட்டுக் குடும்பம் இருக்கிறது. எல்லோரும் கபாலீஸ்வரர் கோயிலுக்கு நடந்தே போய் வருகிறோம். என் மனக்குறையெல்லாம் தரைத்தளம்தான்.

அங்கே முன்பு திண்ணை இருந்தது. ஒன்றரை அடி உயரம், சிவப்பு ஆக்சைடு பூச்சு, நடுவில் தேய்ந்து லேசாகக் குழிந்திருக்கும். காலையில் பூக்காரம்மா கூடையை இறக்கி வைத்துவிட்டு, நாரை நனைக்க ஒரு சொம்புத் தண்ணீர் கேட்பார். அவர் தொடுத்து முடிப்பதற்குள் தெருவில் யாருக்கு உடம்பு சரியில்லை, யார் வீட்டுக்கு மருமகள் வந்திருக்கிறாள், எல்லாம் தெரிந்துவிடும். மத்தியானம் தபால்காரர் கொஞ்சம் காலாறுவார். சாயங்காலம் என் மாமனாரும் எதிர்வீட்டு மாமாவும். புது ஆள் யாராவது தயங்கி நின்றால் "யாரைத் தேடறீங்க?" என்று கேட்க ஒரு குரல் இருந்தது.

இப்போது தூண்கள், ஏழு கார், ஒரு இரும்பு கேட். மனையின் அளவுக்கு எவ்வளவு கட்டலாம் என்று சொல்லும் எஃப்எஸ்ஐ கணக்கில், தூண்களுக்கு நடுவே கார் நிறுத்தும் ஸ்டில்ட் தளம் வராது. கடை வைத்தால் வரும். அப்புறம் எந்த பில்டர் கீழே ஒரு தையல் கடைக்கு இடம் விடுவார்? எங்கள் சந்தில் வரிசையாக ஐந்து கட்டடம் இப்படி. இஸ்திரி வண்டிக்காரர் எந்த கேட் முன்னால் நின்றாலும் நகரச் சொல்கிறார்கள்.

தி.நகர் பாண்டி பஜாரில் 2019-இல் நடைபாதையை அகலப்படுத்திய பிறகு, வயதானவர்கள் நிம்மதியாக உட்கார்ந்திருப்பதைப் பார்த்து மனம் நிறைந்தது. ஆனால் அது பெரிய சாலை. எங்கள் சந்தில் யார் வந்து பெஞ்சு போடுவார்கள்? இங்கே வீட்டு வாசல்தான் பெஞ்சு. திருமயிலையில் மெட்ரோவின் இரண்டு வழித்தடங்கள் சந்திக்கப் போகின்றன. இன்னும் வீடுகள் இடிபடும், இன்னும் நிறையப் பேர் இந்தச் சந்துகளில் நடப்பார்கள்.

எதிர்வீடும் இடிபடப் போகிறது. வீட்டுக்காரரைப் போய்ப் பார்த்தேன். "மதில் சுவரை ஒன்றரை அடியோடு நிறுத்தி, மேலே ஒரு கடப்பா கல் பதியுங்கள். பின்னால் கிரில் போட்டுக்கொள்ளுங்கள். ஒரு கார் இடம்கூடக் குறையாது" என்றேன். "இன்ஜினியரைக் கேட்டுச் சொல்றேன் மாமி" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் போகப் போகிறேன். இந்த முறை பூக்காரம்மாவையும் கூட்டிக்கொண்டு.