ஆறு குர்தா, ஒரே மஞ்சள்

பிப்ரவரி 3

காந்திகிராமத்துக் கதர் வந்துவிட்டது. பதினைந்து மீட்டர், எடை 1 கிலோ 900 கிராம். கல்லூரித் தோழி வீட்டு விசேஷத்துக்கு இயற்கைச் சாயத்தில் ஆறு குர்தா. ஆறும் ஒரே மஞ்சளாக இருக்க வேண்டுமாம். யோசிக்காமல் சரி என்று சொல்லித் தொலைத்தேன்.

சாயம் அப்புறம், முதலில் கஞ்சி போக வேண்டும். நெசவுக் கஞ்சியும் பஞ்சிலேயே இருக்கும் மெழுகும் போகாத துணி தண்ணீரையே குடிக்காது. பூந்திக்கொட்டையும் சலவைச் சோடாவும் போட்டு இரண்டு மணி நேரம் வேகவைத்தேன். இறக்கும்போது தண்ணீர் டீ டிக்காஷன் மாதிரி இருந்தது. காயவைத்து அளந்தால் 14 மீட்டர் 10 சென்டிமீட்டர். முதல் வருஷம் இந்தச் சுருக்கம் தெரியாமல் வெட்டித் தைத்த சட்டை, கடைசியில் அண்ணன் மகனுக்குத்தான் சரியாக இருந்தது.

"மஞ்சள்னா மஞ்சத்தூளப் போட்டா முடிஞ்சுது, இதுக்கு எதுக்கு இவ்வளவு பாடு?" என்றார் அம்மா. மஞ்சள்தூளில் ஒரு துண்டு, மாதுளைத் தோலில் ஒரு துண்டு சாயம் ஏற்றி, பாதியை அட்டையால் மூடி வெயில் படும் ஜன்னலில் ஒட்டிவிட்டேன்.

பிப்ரவரி 6

இன்று கடுக்காய். துணி எடையில் நூற்றுக்கு இருபது, அதாவது 380 கிராம். கீழமாசி வீதியில் வாங்கி, கொட்டை நீக்கி இடித்தது. சாயத்தைத் துணியில் பிடித்து நிறுத்துவது படிகாரம். அது பட்டிலும் கம்பளியிலும் சுலபமாகப் பிடித்துக்கொள்ளும். பருத்திக்கோ நடுவில் ஒரு தரகர் வேண்டும், அதுதான் கடுக்காயின் துவர்ப்பு. காளஹஸ்தி கலம்காரிக்காரர்கள் கோடு கசியாமல் இருக்க இதோடு எருமைப்பாலும் சேர்ப்பார்கள். நான் படம் வரையப்போவதில்லை, அதனால் பால் காப்பிக்கே போயிற்று.

பிழிந்து நிழலில் போட்டேன். அப்படியே விட்டால் துவர்ப்பெல்லாம் கீழ் விளிம்புக்கு இறங்கிக் கறை கட்டும். திருப்பித் திருப்பிப் போட்டதில் இடுப்பு போய்விட்டது.

பிப்ரவரி 8

படிகாரம் 285 கிராம். ராத்திரி முழுக்க ஊறல்.

பிப்ரவரி 9

துணியை ஆறாக வெட்டியாயிற்று. அண்டாவில் ஒரு நேரத்துக்கு மூன்றுதான் பிடிக்கும். ஜூஸ் கடைக்காரர் ஒரு மாதமாகச் சேர்த்துக் கொடுத்த மாதுளைத் தோல் கொதிக்கத் தயார். குழாய்த் தண்ணீர்தான் வரவில்லை. காத்திருக்கலாம். காத்திருக்கவில்லை. மோட்டாரைப் போட்டு ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரைப் பிடித்துவிட்டேன்.

மாதிரித் துண்டு பூவரசம்பூ மஞ்சள். அண்டாவிலிருந்து வெளியே வந்தவை மூன்றும் பச்சைப்பயறு நிறம்.

"நல்லாத்தானடி இருக்கு" என்கிறார் அம்மா. நன்றாகத்தான் இருக்கிறது. அதனால்தான் எரிச்சல் இன்னும் கூடுகிறது.

பிப்ரவரி 10

இரண்டு டம்ளர். ஒன்றில் குழாய்த் தண்ணீர், இன்னொன்றில் கிணற்றுத் தண்ணீர், இரண்டிலும் ஒரு சிட்டிகை கடுக்காய்த் தூள். சற்று நேரத்தில் கிணற்று டம்ளர் மை கலந்ததுபோல் கறுத்தது. இரும்பு! பழைய காலத்து எழுத்து மையே துவர்ப்பும் இரும்பும் சேர்ந்ததுதான். துருப்பிடித்த ஆணியையும் வெல்லத்தையும் வாரக்கணக்கில் புளிக்கவைத்துக் கறுப்புச் சாயத்துக்கு இரும்புத் தண்ணீர் எடுப்பவள் நான். எனக்கு இது முன்பே உறைத்திருக்க வேண்டும்.

தோழிக்குப் போன் பண்ணினேன். "கடையில ஒரே கலர்ல நூறு கிடைக்குதே?" என்றாள். கிடைக்கும். 1856இல் ஆங்கில வேதியியலாளர் பெர்கின் நிலக்கரித் தாரிலிருந்து ஊதா நிறத்தை எடுத்ததிலிருந்து சாயம் என்பது டப்பாவில் வரும் பொடி. அந்தப் பொடிக்கு எங்கள் தெருவில் என்றைக்குக் குழாய் வரும் என்ற கவலையெல்லாம் இல்லை. இதைச் சொல்லவில்லை, மன்னிப்பு மட்டும் கேட்டேன்.

பிப்ரவரி 11

குழாயில் தண்ணீர் வந்தது. மீதி மூன்றும் மஞ்சள், கண்ணை எடுக்க முடியவில்லை.

பிப்ரவரி 14

மூன்று மஞ்சள், மூன்று பயறு. எல்லாவற்றையும் இரும்புத் தண்ணீரில் முக்கினால் ஒரே நிறமாகிவிடும். ஆனால் மஞ்சள் கேட்டவளுக்கு அதை எப்படிக் கொடுப்பது? தவிர, இரும்பு அதிகமானால் பருத்தி நாளடைவில் இற்றுப்போகும். காகிதத்தில் வரைந்து பார்த்தேன். மஞ்சள் உடலுக்குப் பயறுக் கழுத்துப்பட்டியும் கைப்பட்டியும், பயறு உடலுக்கு மஞ்சள் பட்டி. பை உள்துணியும் மாற்று நிறத்தில், கை விட்டு எடுக்கும்போது மட்டும் தெரிகிற மாதிரி. பட்டன் கொட்டாங்குச்சியில். படத்தை அனுப்பினேன். ஒரு மணி நேரம் பதிலே இல்லை. அப்புறம், "பயறு உடம்பு எனக்கு."

பிப்ரவரி 20

ஜன்னல் துண்டுகளைப் பிரித்தேன். மஞ்சள்தூள் துண்டில் வெயில் பட்ட பாதி வெளுத்து மோர் நிறம். மாதுளை லேசாகத்தான் மங்கியிருக்கிறது. அம்மா இரண்டையும் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் அடுப்படிக்குப் போய்விட்டார்.

தையற்கார அண்ணனோடு தனிப் பஞ்சாயத்து. "பருத்தி நூலு அந்து அந்து போகுது பாப்பா, பாலியஸ்டர்ல அடிச்சுத் தரவா?" கூடாது என்றேன். வேகத்தைக் குறைத்து ஓட்டச் சம்மதித்தார், குர்தாவுக்கு முப்பது ரூபாய் கூடுதல். நியாயம்தான்.

பிப்ரவரி 27

ஆறையும் கொடுத்தாயிற்று. ஒவ்வொன்றோடும் ஒரு சீட்டு: எலுமிச்சை, புளி பட்டால் உடனே அலசவும். பயறு நிறத்தில் புளிப்பு பட்டால் இரும்பு கழன்று வெளிறிவிடும்.

மார்ச் 2

தோழி போட்டோ அனுப்பியிருக்கிறாள். பயறு குர்தாவின் மடியில் ஐந்து ரூபாய்க் காசு அளவுக்கு ஒரு வெளிர் வட்டம். விசேஷச் சாப்பாட்டில் புளியோதரையாம்.