கலுவாவுக்கு இன்னொரு பெயர்

மதுரையிலிருந்து கொழும்புக்கு வந்த ஏழாவது மாதம் எங்கள் வீட்டுக்கு நாய் வந்தது. வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடலைப் பார்த்து இறங்கும் ஒழுங்கையில் கீழ்த்தள வீடு. ஐந்து வயது ஆண் நாய், உடம்பெல்லாம் கறுப்பு, நெஞ்சில் மட்டும் ஒரு ரூபாய்க் காசு அளவுக்கு வெள்ளை. 2022 பொருளாதார நெருக்கடியில் பெட்ரோலுக்கும் கேஸுக்கும் வரிசையில் நின்று அலுத்து வெளிநாடு போன ஒரு குடும்பம் வளர்த்தது. சொந்தக்காரர் வீட்டில் விட்டுப் போயிருக்கிறார்கள். அங்கிருந்து வேறு ஒரு கை, அப்புறம் தெருநாய்களைப் பார்த்துக்கொள்ளும் சில தன்னார்வலர்கள், கடைசியாக நாங்கள்.

பெயர் கலுவா என்றார்கள். சிங்களத்தில் கறுப்பன் என்று பொருள்.

வந்த அன்று வாசலில் சுருண்டு படுத்திருந்ததைப் பார்த்து, "உள்ள வா கண்ணா" என்றேன். சட்டென்று எழுந்து நேராகச் சமையலறைக்குப் போய், அடுப்பைப் பார்த்து உட்கார்ந்துவிட்டது. என் கணவர் அலுவலகத்தில் விசாரித்துக்கொண்டு வந்து சொன்னார்: சிங்களத்தில் 'கன்ன' என்றால் சாப்பிடுவது. நான் கொஞ்சியதை அது சோற்றுக்கு அழைத்ததாக எடுத்துக்கொண்டிருக்கிறது. அப்போதுதான் உறைத்தது, இந்த வீட்டில் மொழி தெரியாமல் திண்டாடுவது நான் மட்டும் இல்லை.

இதைப் பற்றி ஒரு ஆராய்ச்சி இருக்கிறது. மெக்சிகோவிலிருந்து ஹங்கேரிக்குக் குடிபோன லாரா குவாயா என்ற ஆய்வாளர் தன் நாய் குன்குன்னையும் கூட்டிப்போனார். புடாபெஸ்ட்டில் எல்லோரும் வேறு மொழி பேசுவது இதற்குத் தெரியுமா என்று அவருக்குச் சந்தேகம். 18 நாய்களுக்கு ஸ்பானிய மொழியிலும் ஹங்கேரிய மொழியிலும் ஒரே கதையைப் போட்டுக்காட்டி மூளையை ஸ்கேன் செய்தார்கள். 2022இல் நியூரோஇமேஜ் இதழில் முடிவு வந்தது: பழகின மொழியையும் பழகாத மொழியையும் நாயின் மூளை பிரித்தறிகிறது. வயதான நாய்களிடம் அந்த வேறுபாடு இன்னும் தெளிவாக இருந்தது. ஐந்து வருடம் சிங்களமே கேட்டு வளர்ந்த ஒன்றுக்கு என் மதுரைத் தமிழ் எப்படிக் கேட்டிருக்கும் என்று அன்று ராத்திரி நினைத்துக்கொண்டே இருந்தேன்.

பெயரை மாற்றும் எண்ணம் முதலில் இல்லை. ஏற்கெனவே வீடு போய், மனிதர்கள் போய், பெயரையும் பிடுங்குவதா என்று இருந்தது. இரண்டு விஷயங்கள் என்னை மாற்றின.

கடலோரச் சாலையான மரைன் டிரைவில் ஒரு சாயங்காலம் கயிறு கைநழுவி, "கலுவா! கலுவா!" என்று கத்தினேன். நாய் நின்றது. கூடவே பேருந்துக்காக நின்ற ஒரு பையனும் திரும்பிப் பார்த்தான். நல்ல கறுப்பு நிறம். மனிதர்களையும் அப்படிக் கூப்பிடுவார்கள் என்பது அந்த முகத்தைப் பார்த்துத்தான் தெரிந்தது. பள்ளிக்கூடத்தில் என்னையும் நிறத்தைச் சொல்லித்தான் கூப்பிட்டார்கள். கூப்பிட்டவர்களுக்கு அது மறந்திருக்கும், எனக்கு மறக்கவில்லை.

இன்னொன்று, நாய் நின்ற விதம். வால் உள்ளே போய், காது பின்னால் ஒட்டி, வயிறு தரையில் பட நின்றது. மெதுவாகச் சொன்னால் ஒன்றுமில்லை, குரல் கொஞ்சம் உயர்ந்தாலே நடுக்கம். இடையில் இருந்த ஏதோ ஒரு வீட்டில், அந்தப் பெயருக்குப் பின்னால் அடி வந்திருக்க வேண்டும்.

எதிர்வீட்டு அன்ரி யாழ்ப்பாணத்துக்காரர், முப்பது வருடமாக இந்த ஒழுங்கையில் இருக்கிறார். அவரிடம், "ராத்திரி பத்து மணி வரைக்கும் அதுகூடப் பேசிட்டே இருந்தேன்" என்றேன்.

"பத்து மணி மட்டும் பேசினனீரோ? அது என்ன பிழை செய்தது, பாவம்!"

எனக்குப் புரியவில்லை. பிறகு அவரே விளக்கினார். "நாங்கள் கதைக்கிறது எண்டுதான் சொல்லுவம். பேசுறது எண்டால் ஏசுறது. நீர் பேசாதேயும் பிள்ளை, கதையும்." இந்த ஊரில் எனக்குக் கிடைத்த முதல் தமிழ்ப் பாடம் அது. நாய் வளர்ப்புக்கும் அதைவிட நல்ல பாடம் எனக்குக் கிடைக்கவில்லை.

கண்ணா என்றே வைத்துவிடலாம் என்றார் கணவர். மிருக வைத்தியர் வேண்டாம் என்றார். ஏற்கெனவே வேறு அர்த்தம் பழகின சத்தம் பெயருக்கு ஆகாதாம், ஒவ்வொரு முறை கூப்பிடும்போதும் சோற்றை எதிர்பார்த்து ஏமாறும். இரண்டு அசை, பழைய பெயருக்குக் கிட்டத்தட்ட ஒத்த ஓசை என்றால் சுலபம் என்றார். ஐந்து வயது ஒரு தடையே இல்லையாம்.

பெயரைக் கொடுத்தது அன்ரிதான். "கறுவா எண்டு கூப்பிடும். அதுக்கும் பெரிய வித்தியாசம் தெரியாது."

நாங்கள் ஊரில் பட்டை என்று சொல்வதை இங்கே கறுவா என்கிறார்கள். கொழும்பு 7, கறுவாத்தோட்டம். சிங்களத்தில் குருந்துவத்தை, ஆங்கிலத்தில் சினமன் கார்டன்ஸ். ஒல்லாந்தர் காலத்துக் கறுவாத் தோட்டங்களின் இடத்தில் இப்போது பங்களாக்கள்தான், பெயர் மட்டும் மூன்று மொழியிலும் இருக்கிறது. இங்கே பல இடங்களுக்கு இப்படித்தான். ஆனந்த குமாரசுவாமி மாவத்தை என்று போர்டில் இருப்பதை ஓட்டோக்காரர் இன்னமும் கிரீன் பாத் என்கிறார். வந்த புதிதில் இது எனக்குப் பெரிய குழப்பமாக இருந்தது.

அவித்த கோழி ஈரலைச் சுண்டுவிரல் நகம் அளவுக்கு வெட்டி ஒரு கிண்ணத்தில் வைத்துக்கொண்டேன். பக்கத்தில் உட்கார்ந்து, தாழ்ந்த குரலில் "கறுவா" என்று சொல்லி உடனே ஒரு துண்டு. வா, உட்கார், ஒன்றும் கிடையாது. பெயர், ஈரல், அவ்வளவுதான். ஒரு தடவைக்குப் பத்து முறை, நாளுக்கு மூன்று தடவை. கடிந்துகொள்ள வேண்டி வந்தால் பெயரைச் சொல்லவே மாட்டோம், "ம்ஹூம்" மட்டும்தான். குரலும் முக்கியம். 2016இல் இதே ஹங்கேரி ஆய்வுக்கூடத்தில் 13 நாய்களை வைத்துப் பார்த்தபோது, பாராட்டும் சொல்லும் பாராட்டும் தொனியும் சேர்ந்தால்தான் நாயின் மூளையில் மகிழ்ச்சிக்கான பகுதி விழித்துக்கொண்டது.

மூன்று நாள் என் கையை மட்டுமே பார்த்தது. நான்காம் நாள் இடது காது மட்டும் திரும்பியது. அதைப் பார்த்த சந்தோஷத்தில் மிச்ச ஈரலை எல்லாம் ஒரேயடியாகக் கொடுத்துவிட்டேன். ஒன்பதாம் நாள் நான் குளியலறையிலிருந்து கூப்பிட, பின்கட்டிலிருந்து நகம் தரையில் டக் டக்கென்று ஓடி வந்து கதவைத் தள்ளியது. மூன்றாவது வாரம் மரைன் டிரைவில், தெற்கே காலிக்குப் போகும் ரயில் தடதடவென்று கடக்கும்போது சத்தமாகவே "கறுவா!" என்று கூப்பிட்டேன். வால் மேலேயே இருந்தது.

விசர்நாய்த் தடுப்பூசி அட்டையில் வைத்தியர் பழைய பெயரை அடிக்கவில்லை. பக்கத்தில் ஒரு கோடு போட்டுப் புதியதை எழுதினார்.

போன மாதம் தன்னார்வலர் மூலமாக அந்தப் பழைய குடும்பம் வீடியோவில் வந்தது. எட்டு வயதுச் சிறுமி. "கலுவா..." என்று மெல்லக் கூப்பிட்டாள். நான் பயந்துபோய் போனைத் திருப்பப் பார்த்தேன். நாய் நடுங்கவில்லை. போனை முகர்ந்தது, சுற்றிவந்து போனுக்குப் பின்னால் தேடியது, மறுபடியும் முன்னால் வந்தது. வால் என் காலில் அடித்துக்கொண்டே இருந்தது. அந்தப் பெயரை முதலில் அன்பாகத்தான் வைத்திருக்கிறார்கள்.

இப்போது என்ன பெயர் என்று கேட்டாள். எனக்குத் தெரிந்த அரைகுறைச் சிங்களத்தில், குருந்து என்றேன். அவள் சிரித்தாள். பிறகு தமிழில் எப்படி என்று கேட்டு, இரண்டு முறை சொல்லிப் பார்த்து, மூன்றாவது முறை சரியாகக் கூப்பிட்டாள்.