காலி எடை

கிருஷ்ணகிரியில் ஒரு மாங்கூழ் கம்பெனியில் நான்கு சீசன் கணக்கு எழுதினேன். ஜூன், ஜூலையில் பெங்களூரா மாங்காய் வந்து குவியும். பர்கூர், வேப்பனப்பள்ளி பக்கத்து டிராக்டர்கள் ராத்திரி முழுக்க வாசலில் வரிசை கட்டி நிற்கும்.

எடை மேடையில் இருந்த தம்பி, லோடு எடைக்கு டிரைவரையும் ஆட்களையும் கீழே இறக்கிவிடுவான். காயைக் கொட்டிவிட்டுக் காலி எடைக்கு வரும்போது, அதே மூன்று பேரும் வண்டியில் உட்கார்ந்திருக்க, பார்க்காததுபோல் பட்டனை அழுத்துவான். காலி எடை கூடினால் காயின் எடை குறையும். வண்டிக்கு 150, 200 கிலோ போய்விடும்.

நான் மேடையைத் தொட்டதே இல்லை. சீட்டில் இருந்ததைப் பில்லாக்கினேன், அவ்வளவுதான். ஆனால் டீ நேரத்தில் அவன் அன்றைய கதையைச் சொல்லும்போது, "கில்லாடிப்பா நீ" என்று முதுகில் தட்டுவேன்.

ஒருநாள் ஒரு பெரியவர் என் மேசைக்கு வந்தார். "கூடை எண்ணித்தான் சார் ஏத்தினேன். இவ்வளவு குறையாதே?" என்றார். "சீட்டுல இருக்கறதுதாங்க கணக்கு" என்றேன். அவர் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு மடித்து வைத்துக்கொண்டார்.

அந்த ஞாயிறு சபையில், பைபிளில் அப்போஸ்தலன் பவுல் எழுதிய ரோமர் நிருபத்தின் முதல் அதிகாரம் வாசித்தார்கள். வஞ்சகம், வன்மம் என்று பவுல் அடுக்கிக்கொண்டே போய், கடைசியில், 32-ஆம் வசனத்தில், இவற்றைத் தாங்கள் செய்வதோடு நில்லாமல், செய்கிற மற்றவர்களிடத்திலும் "பிரியப்படுகிறார்கள்" என்கிறார். பல தடவை கேட்ட வசனம்தான். அன்றைக்குக் குத்தியது. வேலை போய்விடுமே என்ற பயத்தில்தான் வாயை மூடிக்கொண்டிருந்தேன் என்று எனக்கு நானே சொல்லி வந்தேன். சீசன் வேலையில் அந்தப் பயம் பொய்யில்லை. ஆனால் பயந்தவன் முதுகில் தட்டுவானா? எனக்கு அது பிடித்திருந்தது.

இதை எழுதிய பவுலுக்கு இது தெரியாததல்ல. இயேசுவை விசுவாசித்த ஸ்தேவானைக் கல்லெறிந்து கொன்றபோது அவர் கல்லெடுத்ததாக வேதத்தில் இல்லை. எறிந்தவர்கள் கழற்றி வைத்த துணிகளுக்குக் காவல் இருந்தார். அந்தக் கொலைக்கு அவர் சம்மதித்திருந்தார் என்று அப்போஸ்தலர் 8-ஆம் அதிகாரம் சொல்கிறது. பல வருஷம் கழித்து எருசலேமில், கூட்டத்தின் முன் நின்று பேசும்போது, அதைத் தன் வாயாலேயே சொல்கிறார். துணிக்குத்தானே காவல் இருந்தேன் என்று அவர் நழுவவில்லை.

திங்கட்கிழமை டீ நேரத்தில் தம்பி கதையை ஆரம்பித்தான். "இனிமே காலி எடைக்கும் எல்லாரையும் இறக்கிட்டுப் போடுப்பா" என்றேன்.

அவன் கிளாஸைக் கீழே வைத்தான். "நீங்கதானே அண்ணே கில்லாடின்னீங்க?"

"ஆமாப்பா. நான்தான் சொன்னேன்" என்றேன்.