பெயர் சொல்லாத ஒரு பிரகடனம்

அரசுப் பல்கலைக்கழகம் ஒன்றில் இளங்கலை மாணவர்களுக்கு இறையியலையும் அரசியலையும் இணைத்துக் கற்பிக்கிறேன் என்றால், மதபோதனைக்கு அங்கே எப்படி இடம் கொடுத்தார்கள் என்றுதான் பலரும் கேட்கிறார்கள். முழுவதும் அரசு நிதியில் இயங்கும் கல்வி நிறுவனங்களில் சமயப் போதனை கூடாது என்கிறது அரசமைப்புச் சட்டத்தின் 28ஆவது பிரிவு. ஆனால் குரு நானக்கின் வாழ்வையும் போதனைகளையும் கல்வி நோக்கில் ஆராய்வது சமயப் போதனை ஆகாது என்று 1971இல் டி.ஏ.வி. கல்லூரி வழக்கில் உச்ச நீதிமன்றம் பிரித்துக் காட்டியது. என் பாடம் அந்த வேறுபாட்டின் மேல்தான் நிற்கிறது.

சென்ற பருவத்தில், திருச்சபைக்குள் நாஜிக் கொள்கை நுழைவதை எதிர்த்து ஜெர்மானியப் புராட்டஸ்டண்ட் திருச்சபையினர் ஒரு சாரார் 1934 மே மாதம் வெளியிட்ட பார்மன் பிரகடனத்தை வாசித்தோம். அதை எழுதுவதில் முதன்மைப் பங்காற்றிய சுவிஸ் இறையியலாளர் கார்ல் பார்த், ஹிட்லருக்கு நிபந்தனையற்ற விசுவாசப் பிரமாணம் எடுக்க மறுத்து, ஜெர்மனியின் பான் பல்கலைக்கழகப் பதவியை இழந்தவர். “ஆறு கூற்றுகளிலும் ஹிட்லர் பெயரே இல்லையே சார், இதில் அரசியல் எங்கே?” என்றாள் ஒரு மாணவி. நான்காவது கூற்றைத் திரும்ப வாசிக்கச் சொன்னேன். ஆளும் அதிகாரம் கொண்ட தனித் தலைவர்களைத் திருச்சபை ஏற்கலாகாது என்னும் அந்த வரியில் ‘தலைவர்’ என்பதற்கு மூலத்தில் உள்ள சொல்லைக் கரும்பலகையில் எழுதினேன்: ஃப்யூரர். ஹிட்லரை அழைத்த அதே பட்டம். அவள் பென்சிலால் அந்த வரியை அடிக்கோடிட்டாள்.

வகுப்பு முடியும் வேளையில் பின்வரிசை மாணவர் ஒருவர், யூதர்களைப் பற்றி ஒரு சொல்கூட இல்லையே என்று கேட்டார். அந்தக் கேள்விக்காக அடுத்த இரண்டு வகுப்புகளை ஒதுக்கினேன்.