ஓர் எழுத்துக்காக நெல்லை வரை ஒரு வெட்டி அலைச்சல்

அம்மாவுக்குச் சினைப்பைப் புற்றுநோய். நான்கு வருடத்தில் இரண்டு முறை திரும்பி வந்துவிட்டது. கீமோ, ஸ்கேன், அட்மிஷன் எல்லாம் எங்கள் வீட்டில் கரன்ட் பில் கட்டுகிற மாதிரி ஆகிவிட்டன, தேதி பார்த்துச் செய்கிற வேலை. அப்படிப் பழகியும் போன மாதம் ஓர் இனிஷியலில் மாட்டிக்கொண்டோம்.

21 நாளுக்கு ஒரு கீமோ, அந்தச் சுற்றைத்தான் சைக்கிள் என்பார்கள். மூன்றாவது சைக்கிளுக்குச் சென்னையில் படுக்கை கிடைத்தது, ரத்தப் பரிசோதனையில் அணுக்களின் கவுன்ட்டும் சரியாக இருந்தது. முதலமைச்சர் காப்பீட்டு கவுன்டரில் ஃபைலைத் திருப்பித் தந்துவிட்டார்கள். குடும்ப அட்டையில் அம்மாவின் இனிஷியல் எஸ், அப்பாவுடையது. திருநெல்வேலியில் எடுத்த பழைய பயாப்சி (சதைப் பரிசோதனை) ரிப்போர்ட்டில் பி, தாத்தாவுடையது. இதே ரிப்போர்ட்டைப் பார்த்துத்தான் முந்தைய இரண்டு சைக்கிளுக்கும் அப்ரூவல் கொடுத்தார்கள். கேட்டால், "அது அப்போ சார். எடுத்த இடத்துலயே திருத்தி வாங்கிட்டு வாங்க." தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

அம்மாவுக்கு விஷயம் புரிந்ததும், "எங்கப்பா எழுத்துதானடா, அது என்ன கெட்ட எழுத்தா?" என்றார்.

அட்டெண்டர் பாஸைத் தங்கையிடம் கொடுத்துவிட்டு அன்று இரவே ரயில் ஏறினேன். மருத்துவமனை தரும் சலுகைப் படிவம் இருந்தால் ஸ்லீப்பரில் புற்றுநோயாளிக்குக் கட்டணமில்லை, துணைக்குப் போகிறவருக்குக் கால் பங்குதான். அம்மா கூட வராததால் எனக்கு முழுக் கட்டணம், அதுவும் அன்ரிசர்வ்டில், விழுப்புரம் தாண்டும்வரை நின்றபடி. திருநெல்வேலியில் இறங்கினால் சனிக்கிழமை. கையெழுத்துப் போடும் டாக்டர் லீவு. நான்கு வருடத்துக்கு முந்தைய ஓ.பி. சீட்டு ஒரிஜினல் வேறு வேண்டுமாம். யார் வைத்திருப்பார்கள்?

வெறுங்கையோடு திரும்பி வந்த இரவு, டியூட்டி சிஸ்டர் என் முகத்தைப் பார்த்துவிட்டு விசாரித்தார். "இதுக்கா ஊருக்குப் போனீங்க? யூனிட் டாக்டர்கிட்ட ஒரு லெட்டர் வாங்கினா போதுமே." திங்கள் காலை ரவுண்ட்ஸில் கேட்டேன். இரண்டு பெயரும் இந்த ஒரே நோயாளியைத்தான் குறிக்கும் என்று இரண்டு வரி எழுதி, கையெழுத்து, சீல். ஆதார் நகலோடு கொடுத்தேன். மதியத்துக்குள் அப்ரூவல் வந்துவிட்டது. அதே கவுன்டர், அதே ஆள். முதல் நாளே இதைச் சொல்லியிருக்கலாம்.

முதலமைச்சர் காப்பீட்டு அட்டையை நான் குறை சொல்லவில்லை. குடும்பத்துக்கு வருடம் 5 லட்சம் வரை கிடைக்கிற அந்த அட்டை இல்லையென்றால் வீட்டை எப்போதோ விற்றிருப்போம். ஆனால் கவுன்டரில் "முடியாது" என்றால் உடனே ஊருக்கு ஓடாதீர்கள். வார்டில் நாலு பேரிடம் கேளுங்கள், முக்கியமாகப் பழைய சிஸ்டர்களிடம்.

இன்னொன்றும் பட்டுத் தெரிந்துகொண்டது. இரண்டாவது சைக்கிள் முடிந்து பத்தாம் நாள் ராத்திரி அம்மாவுக்குக் காய்ச்சல். அப்பா பாரசிட்டமால் கொடுத்துவிட்டு விடியட்டும் என்று இருந்துவிட்டார். வெள்ளை அணு அடியோடு இறங்கியிருந்தது, ஐந்து நாள் ஆன்டிபயாடிக் ஏறியது. கீமோ போட்டவருக்கு 100.4 டிகிரியைத் தொட்டால் நேரம் பார்க்காமல் கிளம்பிவிட வேண்டும். அதற்காக ஒரு பையைத் தயாராகவே வைத்திருக்கிறோம்: சார்ஜர், போர்வை, பிளாஸ்க், கடைசி டிஸ்சார்ஜ் சம்மரி.

இப்போது அதில் அந்த லெட்டரின் ஐந்து நகலும் இருக்கிறது.